தெருவிலிருந்து தொடங்கும் கேள்வி: காஞ்சியின் கலைகளும் நகராட்சியும்

காஞ்சிபுரத்தின் கலைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டத்தில் தெருவுக்கு வந்தே தீர வேண்டும். பட்டு நெய்வது வீட்டுக்குள் நடந்தாலும் பாவு விரிக்கத் தெரு வேண்டும். வைகாசிக் கருட சேவையில் சின்ன காஞ்சியிலிருந்து புறப்படும் வரதராஜப் பெருமாள், பெரிய காஞ்சி வரை தெருத்தெருவாக வந்து, கங்கைகொண்டான் மண்டபத்தில் தங்கித் திரும்புகிறார். நாகஸ்வரக்காரர் மல்லாரி வாசிப்பதும், வேத கோஷ்டியும் பிரபந்த கோஷ்டியும் பாடி வருவதும் அந்த வழியில்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது கூத்தாடிகளுக்கு மேடை கோயில் எதிரே உள்ள வெட்டவெளி. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தின் கதையும் காஞ்சித் தெருக்களில் நடப்பதுதான்.

இந்தத் தெருக்கள் இன்று மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. அதனால் ஒரு நகர நிர்வாகம் உள்ளூர்க் கலைக்கு என்ன செய்கிறது, என்ன செய்ய முடியும் என்று ஆராய வருபவர் காஞ்சியைப் பொறுத்தவரை விருதுகளையும் விழாக்களையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தெருவில் நின்று பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும்.

பிள்ளையார்பாளையத்தில் வெயில் ஏறுவதற்கு முன் தெருப்பாவு விரிப்பார்கள். சாயமேற்றிய பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இடையிடையே கட்டைகளால் முட்டுக்கொடுத்து, இழைகளைப் பிரித்துச் சீராக்கி, அரிசிக் கஞ்சி தெளித்து உலரவிடுவார்கள். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிவதும் அப்போதுதான். வீட்டில் இருப்பவர்கள் போதாமல் அக்கம்பக்கத்தாரும் கைகொடுக்க வேண்டிய வேலை இது. கஞ்சி சரியாக ஏறாத பாவு தறியில் ஏறியதும் படுத்தும் பாட்டை நெசவாளரிடம் கேட்டால் தெரியும். தெரு அகலமாக இருக்க வேண்டும், ஒரு மணி இரண்டு மணி நேரம் வண்டி வராமல் இருக்க வேண்டும், காற்றில் புழுதி இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் தரக்கூடியது நகர நிர்வாகம்தான். கைத்தறித் துறையால் தர முடியாது.

அடுத்தது தறிக்குழி. காஞ்சிப் பட்டின் கோர்வைச் சேலையைக் குழித்தறியில் நெய்கிறார்கள். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம் என்று மூன்று நாடாக்களை ஓட்டி, உடலும் கரையும் சேரும் இடத்தில் இழைக்கு இழை கோத்து வாங்க வேண்டும். நெசவாளர் குழிக்குள் கால் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நின்றது, கூலியும் நின்றது. தண்ணீர் ஊறுவதற்கு மழை மட்டும் காரணமில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் புதுச் சாலை போட்டால் தெரு உயர்ந்து வீடு தாழ்கிறது. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தெருவின் தண்ணீர் முதலில் இறங்கும் இடம் நெசவாளர் வீட்டுக் குழி. மழைநீர் வடிகாலைக் கலைக்கான செலவாக எந்த வரவுசெலவுத் திட்டமும் எழுதுவதில்லை. காஞ்சியில் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இந்த ஊருக்கு இது புதிய சிந்தனை அல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. அவனுடைய 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அது கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சியில், ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கான ஏற்பாடுகளைச் சொல்கிறது. கோயிலின் பொன் ஊராரிடம் முதலாக வைக்கப்பட்டிருந்தது. அதன் வட்டியிலிருந்து பூசைக்கும், சித்திரைத் திருவிழாவுக்கும், மேளம் கொட்டும் உவச்சர்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நகரின் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலியர் என்னும் நெசவாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கைச் சரிபார்க்க வேண்டியவர்கள் மாநகரத்தார் என்னும் நகர அவையினர்.

இதில் கவனிக்க வேண்டியது ஏற்பாட்டின் வடிவம். பணத்துக்கு நிலையான முதல் இருந்தது. மேளக்காரர் யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நிர்வாகம் கைவினைஞர் கையில் இருந்தது. நகர அவை கலையை நடத்தவில்லை, கணக்குக் கேட்டது. அரசன் ஒப்புதல் தந்தான். இந்த ஏற்பாட்டை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர முடியாது. சாதியும் வரிவிலக்கும் அரசவையும் பின்னிக் கிடந்த ஏற்பாடு அது. ஆனால் உள்ளூர்க் கலைக்கு உள்ளூரிலேயே நிதி, உள்ளூரிலேயே பொறுப்பு, உள்ளூரிலேயே கணக்கு என்ற மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருந்ததை மறக்கக் கூடாது.

இன்றைய காஞ்சியில் அந்த மூன்றும் வெவ்வேறு அலுவலகங்களுக்குப் பிரிந்துபோயிருக்கின்றன. காஞ்சிபுரம் நகராட்சி 1866இல் அமைந்தது, 2021இல் மாநகராட்சியானது, இப்போது 51 வார்டுகள். பிரிட்டிஷ் கால நகராட்சிக்குக் கொடுக்கப்பட்ட வேலை சுகாதாரம், விளக்கு, சாலை, வரி. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்காக அந்த நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக வேலை பார்த்தவர்தான் பின்னாளில் முதலமைச்சரான அண்ணா. அவர் வளர்ந்த காலத்துக் காஞ்சி, இசையால் நிறைந்த ஊர். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை தம் ஊரிலேயே தியாகராஜர் உற்சவம் நடத்தினார். பாடகி தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள் 1919இல் இங்கே பிறந்தார். நடனக் கலைஞர் பாலசரஸ்வதி ஏழு வயதில், 1925இல், முதன்முதலாக ஆடியது இந்த ஊரின் அம்மன் சன்னிதியில். இவர்கள் யாருக்கும் நகராட்சி எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. கோயிலும் வணிகரும் ரசிகரும் தாங்கினார்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அது ஒரு பெரிய அநீதிக்கு முடிவு கட்டியது. அதே வேளையில் சன்னிதி நடனத்தைத் தாங்கிய பழைய ஏற்பாடும் போயிற்று. அதன் இடத்தில் ஊர் மட்டத்தில் வேறொன்று வரவில்லை. மெள்ள மெள்ளப் பல கோயில்களில் நாகஸ்வரமும் தவிலும் இருந்த இடத்தில் மின்சார முரசு வந்து உட்கார்ந்துகொண்டது.

மாநில அரசு தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் ஒன்றும், அரசு மாவட்ட இசைப்பள்ளியும் காஞ்சியில் இருக்கின்றன. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம் ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் கற்றுத் தருகிறது இசைப்பள்ளி. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் உண்டு. ஜரிகைக்குத் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம், விற்பனைக்குக் கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், வடிவமைப்புக்கு மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம், 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு, 2023இல் 300 யூனிட்டாக உயர்ந்த இலவச மின்சாரம் என்று நெசவுக்கான பட்டியல் நீளமானது. கோயில் நிர்வாகம் அறநிலையத் துறையிடம். கைலாசநாதரும் வைகுந்தப் பெருமாளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். ஆக, கலையின் ஒவ்வொரு துண்டுக்கும் சென்னையிலோ டெல்லியிலோ ஒரு துறை. ஒட்டுமொத்தமாக ஊரைப் பார்க்கும் ஒரே அமைப்பான மாநகராட்சியின் கையில் கலை இல்லை. குப்பையும் குடிநீரும் இருக்கின்றன.

சட்டம் இப்படி விடவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. அதில் 13ஆவது பணி, பண்பாடு, கல்வி, அழகுணர்வு ஆகியவற்றை வளர்ப்பது. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 21ஆவது இடத்தில் பண்பாட்டு நடவடிக்கைகள் இருக்கின்றன. பெரும்பாலான நகராட்சிகள் இந்தப் பணியைப் பூங்கா, சிலை, ஆண்டுக்கொரு விழா என்ற அளவில் நிறைவேற்றிவிட்டதாக எண்ணுகின்றன.

பணம் வராததுதான் குறை என்று சொல்லவும் முடியாது. 2015 ஜனவரியில் மத்திய அரசு பாரம்பரிய நகரங்களுக்கான ஹிருதய் திட்டத்தைத் தொடங்கியது. 12 ஊர்கள், மொத்தம் 500 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் தேர்வானவை காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும். காஞ்சிக்கு 23.04 கோடி ஒதுக்கப்பட்டது. 2019 மார்ச்சில் திட்டம் முடிந்துவிட்டது. பாரம்பரியச் சின்னங்களைச் சுற்றியுள்ள கட்டமைப்பே அதன் இலக்கு. குளத்தைச் சீராக்குவதும் நடைபாதை போடுவதும் வேண்டிய வேலைகளே. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாரம்பரியத்தைக் கல்லாகவும் கரையாகவும் மட்டும் பார்க்கும் திட்டத்தில், அந்தக் குளத்தில் தெப்பம் விடும்போது வாசிக்கிறவருக்கு இடமில்லை. திட்டம் போனபிறகு பராமரிப்பு நகராட்சியின் தலையில் விழுகிறது. 2021இல் காஞ்சிக் கோயில்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமை முழுமையாகக் கிடைக்கும் நாளிலும் இதே கேள்வி எழும்.

இந்த நகர நிர்வாகத்துக்கு ஆற்றல் இல்லை என்பதும் பொருந்தாது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, வரதர் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் சிலை மேலே எழுந்தருளிய 48 நாட்களில், சுமார் ஒரு கோடிப் பேர் இந்தச் சிறு நகருக்கு வந்தார்கள். நெரிசலும் துயரமும் நேர்ந்தன. ஆயினும் தண்ணீர், கழிப்பறை, துப்புரவு, வண்டிப் போக்கு ஆகியவற்றை நாளுக்கு நாள் சமாளித்தவர்கள் நகரின் ஊழியர்களும் மாவட்ட நிர்வாகமும்தான். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவுக்காகத் தெருவை மாற்றி அமைக்க முடிந்த ஊரில், நெசவுத் தெருவில் காலை ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துவது இயலாத காரியமா?

கூத்தின் நிலை இன்னும் சிக்கலானது. காஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதத் திருவிழா நாள்கணக்கில் நடக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவு முழுக்கக் கூத்து. கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம். இரவு பத்து மணிக்கு மேல் கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியக்காரன் வந்தால் விடிந்த பிறகுதான் ஆட்டம் முடியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். நோயாளிகளுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த விதி அரண். அதை எதிர்க்க முடியாது. ஆனால் விடியும்வரை ஆடுவதற்கென்றே உருவான ஒரு கலையை அந்த விதி பாதியில் வெட்டிவிடுகிறது. ஒலிபெருக்கி இல்லாமல் ஆட, வண்டிச் சத்தம் எட்டாத, ஐந்நூறு பேர் சுற்றி உட்காரும் களம் வேண்டும். ஊருக்குள் அப்படி ஒரு மந்தைவெளியைக் கடை கட்டாமல் காப்பாற்றி வைப்பது உள்ளாட்சியின் கடமை. கூத்துக்கு இதைவிடப் பெரிய மானியம் இல்லை.

பயிற்சியின் கதையும் இதனோடு சேர்ந்தது. பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று 1990இல் காஞ்சியில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002 முதல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் நடந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள் பிள்ளைகள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி வேஷமிட்டு ஆடியது அங்கே நடந்த பெரிய மாற்றம். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. தனி மனிதர்களின் உழைப்பாலும் வெளியிலிருந்து வந்த ஆதரவாலும் ஓடிய ஒரு பள்ளி நிற்கும்போது, அதை ஏந்திக்கொள்ள உள்ளூரில் எந்த அமைப்பும் இருக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு மேல்நிலைப் பள்ளி மூடப்பட்டால் ஊரே திரண்டிருக்கும்.

நெசவில் இளைஞர்கள் குறைவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் கூலி. அது உண்மைதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் மாதச் சம்பளமும் போக வர வண்டியும் தருகின்றன. தறியில் உட்காரும் மகனுக்குப் பெண் கிடைப்பதே அரிது என்று நெசவாளர் வீடுகளில் பேசிக்கொள்வதுண்டு. பட்டு விலையும் தங்க விலையும் ஏறினால் சேலை விலை ஏறும். கூலி அதே வேகத்தில் ஏறாது. இதை நகராட்சி சரிசெய்ய முடியாது, அப்படிச் சொல்லி அதை மாட்டிவிடவும் கூடாது. அது செய்யக்கூடியது வேறு. சாயம் போடும் இடங்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவும், கழிவு வேகவதி ஆற்றில் கலக்காமல் போகவும் வழிசெய்யலாம். நெசவு வீட்டின் சொத்துவரியைக் கடைக்கு இணையாக வைக்காமல் தனியாக மதிப்பிடலாம். காந்தி சாலைக் கடைகளில் விசைத்தறிச் சேலை கைத்தறி என்று விற்கப்படாமல் தடுக்க, தொழில் உரிமம் தரும்போதே நிபந்தனை வைக்க முடியுமா என்று பார்க்கலாம். வெளியூரிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வருபவருக்குத் தறி எங்கே ஓடுகிறது என்று காட்ட ஒரு முறையான ஏற்பாடாவது இருக்கலாம். இன்று பெரும்பாலும் அவரைத் தெருவிலேயே மடக்கி, தரகு தரும் கடைக்கு அழைத்துப் போகிறவர்தான் காட்டுகிறார்.

நிதிக்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பணம் நிலுவையில் நிற்பது பழைய குறை. ஆனாலும் சிற்றூர் வரைக்கும் கிளை நூலகம் வந்ததற்கு அந்த வரிதான் காரணம். இன்னொன்று கேளிக்கை வரி. ஜி.எஸ்.டி. வந்த 2017இல், திரையரங்குகளில் கேளிக்கை வரி விதிக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்குத் தனிச் சட்டத்தால் கிடைத்தது. புதிய தமிழ்ப் படங்களுக்கு முதலில் 10 சதவீதம் என்று வைத்து, எதிர்ப்புக்குப் பின் 8 ஆக்கினார்கள். ஊரில் ஒரு கலை வசூல் தருகிறது. அந்த வசூலில் ஒரு பங்கு ஊரின் மற்ற கலைகளுக்குப் போவது நியாயம். நூலக வரியைப் போல அதையும் தனிக் கணக்கில் வைத்தால், ஆண்டுதோறும் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேறு ஊர்கள் என்ன செய்தன என்று பார்த்தால் மூன்று விதம் தெரிகிறது. கோழிக்கோடு மாநகராட்சி தானே முன்வந்து, கேரள உள்ளாட்சி நிர்வாகப் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு விண்ணப்பித்து, 2023இல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரமானது. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் ஊர். அங்கே கட்டடம் எழுப்பிப் பெயர் வாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த நூலகங்களையும் பதிப்பகங்களையும் வாசகசாலைகளையும் தொகுத்துக் காட்டினார்கள். யாழ்ப்பாணம் இன்னொரு விதம். இந்தியாவின் கொடையாகப் பொது நூலகத்துக்கு அருகில் எழுந்த பண்பாட்டு மையம் 2023இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025இல் திருவள்ளுவர் பெயர் பெற்றது. பெரிய அரங்கமும் அருங்காட்சியகமும் கொண்ட அந்தக் கட்டடத்தை நடத்தும் செலவை மாநகர சபை தாங்குமா என்ற கவலை, கட்டி முடிவதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1981இல் எரிந்த நூலகத்தை மீண்டும் எழுப்பிய ஊர் அது. கலையின் அருமை அங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் ஆண்டுதோறும் வரும். காஞ்சியில் யாராவது பட்டுக்கென ஒரு பிரம்மாண்ட மையம் கேட்டால், யாழ்ப்பாணத்தின் அனுபவத்தை முதலில் படிக்க வேண்டும்.

மூன்றாவது, பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்போன ஜப்பானின் கியோட்டோ. 2007இல் அந்த நகரம் கட்டட உயரத்துக்குக் கடுமையான வரம்பு வைத்தது. கூரை மேல் விளம்பரப் பலகைகளையும் மின்னி மறையும் விளக்குப் பலகைகளையும் தடுத்தது. வணிகர்கள் முணுமுணுத்தார்கள், நகரம் அப்போது பின்வாங்கவில்லை. கோபுரம் தெரியும் வீதிகளில் கடைப் பலகைகளும் கம்பிகளும் என்ன உயரத்தில் இருக்கலாம் என்று காஞ்சி மாநகராட்சி முடிவு செய்தால் அது செலவில்லாத கலைப்பணி. தேரோட்டத்துக்கு முன் ஒவ்வொரு ஆண்டும் கம்பி அவிழ்த்துக் கட்டும் வேலையும் குறையும்.

எல்லைப் பிரச்சினையும் இருக்கிறது. நகரம் வடகிழக்கே ஏனாத்தூர் வரை படர்ந்துவிட்டது. 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா அங்கே இருக்கிறது. மருத்துவக் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி என்று பல ஊர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் இடம் அது. இந்த ஆயிரக்கணக்கான மாணவர்களில் ஒரு முழு இரவுக் கூத்தைப் பார்த்தவர்கள், ஒரு தெருப்பாவுக்குக் கைகொடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மறுபக்கம் ஐயங்கார்குளத்தின் நடவாவிக் கிணற்றுக்குச் சித்திரா பௌர்ணமியில் வரதர் போகிறார். கூத்து வாழ்வது ஊராட்சிகளில். நெசவு சுற்றியுள்ள கிராமங்களிலும் நடக்கிறது. நெசவாளர் சங்கத்துக்கும் கூத்துக் குழுவுக்கும் வார்டு எல்லை தெரியாது. நகரையும் ஊராட்சிகளையும் சேர்த்துத் திட்டமிட அரசியலமைப்பே மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதில் சாலைக்கும் குடிநீருக்கும் உட்குழு அமைவதைப் போலக் கலைக்கும் ஒன்று அமைத்து, ஏனாத்தூர்க் கல்லூரிகளையும் அதில் உட்காரவைக்கலாம். மாணவர்கள் கூத்துப் பிரதிகளைப் பதிவு செய்யலாம், முந்தானையைச் சேலை உடலோடு இணைக்கும் பேட்னி போடத் தெரிந்த முதியவர்களின் கைவேலையைப் படமெடுத்து வைக்கலாம். இரண்டும் தாமதமானால் கிடைக்காதவை.

2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கச் சட்டப்படி வழி ஏற்பட்டிருக்கிறது. விளக்கு, சாக்கடை, குடிநீர் பற்றி அங்கே மனு கொடுக்கிறார்கள். பிள்ளையார்பாளையத்து வார்டுகளின் சபையில், தெருப்பாவு போடும் தெருக்கள் எவை, எந்த நேரம் அங்கே வண்டி கூடாது, புதுச் சாலை போடும்போது பழையதைச் சுரண்டி மட்டம் காப்பது என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுக்கலாம். வண்டியை நிறுத்தக் காவல் துறையின் ஒத்துழைப்பு வேண்டும். மற்ற இரண்டுக்கும் மாமன்றத்தின் ஒப்புதல் போதும், சென்னையிலிருந்து அரசாணை வரக் காத்திருக்க வேண்டியதில்லை.